சுண்ணாம்பு பூத்த எலக்ட்ரோடு: பனங்கற்கண்டுக் கூடத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

புகார்

நூல் கட்டித் தொட்டியில் ஊற்றிய பாகு வாரக்கணக்கில் ஆகியும் கற்கண்டாகக் கட்டவில்லை. நூலில் ஒட்டியது கடுகளவு மணிகள் மட்டும். மீதியெல்லாம் பாகாகவே நின்றது. உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டி நடக்கும் ஒரு சிறு பனங்கற்கண்டுக் கூடத்தில் ஒரே பருவத்தில் அடுத்தடுத்து இப்படி நடந்தது.

உரிமையாளர் முதலில் பனையேறிகள்மேல் சந்தேகப்பட்டார். கலயத்தில் சுண்ணாம்பு சரியாகத் தடவவில்லை, பதநீர் புளித்துவிட்டது என்பது அவர் கணிப்பு. பனையேறிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாததற்கு நியாயமும் இருந்தது. அதே மரத்துப் பதநீரை வாங்கிய பக்கத்து விடிலியில் கருப்பட்டி நன்றாகவே இறுகியிருக்கிறது. சரக்கில் குறை இல்லையென்றால் கருவியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, பாளையங்கோட்டையில் ஆய்வுக்கூடக் கருவிகள் பழுது பார்க்கும் என்னைக் கூப்பிட்டார். “மீட்டரை மாற்ற வேண்டுமா, எலக்ட்ரோடை மாற்ற வேண்டுமா, அதை மட்டும் சொல்லுங்கள் தம்பி” என்பதுதான் கேள்வி. விடை இரண்டுமே இல்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கூடத்தில் பிஎச் மீட்டருக்கு என்ன வேலை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிஎச் என்பது ஒரு கரைசலின் புளிப்பையும் காரத்தையும் சொல்லும் எண்: 7 நடு, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மீட்டரோடு கம்பியால் இணைத்து, சாற்றில் முக்கும் கண்ணாடிக் குமிழ் வைத்த குச்சிதான் எலக்ட்ரோடு.

பதநீரும் 7.5 என்ற எண்ணும்

பாளையிலிருந்து சொட்டும் சாற்றைச் சும்மா விட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவது அதைத் தடுக்கத்தான். சுண்ணாம்புக் காரத்தில் நொதிக்கும் கிருமிகள் வேலை செய்ய முடிவதில்லை. சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கிறது. கருப்பட்டி காய்ச்சும் விடிலியில் இதற்கு மேல் கணக்கு இல்லை. சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை இறுத்துத் தாச்சியில் ஊற்றிக் காய்ச்சிவிடுகிறார்கள். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார்கள். பதம் பார்க்கக் கண்ணும் கையும் போதும். சிரட்டையில் ஊற்றினால் இறுகிவிடும். புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடிக் கருப்பட்டியின் பெருமை அந்தக் கைகளுக்கு உரியது, எந்தக் கருவிக்கும் உரியதன்று.

கற்கண்டு அப்படி விடாது. படிகமாக வளர வேண்டியது பதநீரின் சர்க்கரையான சுக்ரோஸ். பதநீரில் மிச்சச் சுண்ணாம்பு இருந்தால் பாகு கறுக்கும், கற்கண்டில் சாம்பல் ஏறும். அதனால் சூப்பர் பாஸ்பேட் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சுண்ணாம்பைக் கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்த்தி வடிகட்டுகிறார்கள். இந்த இடத்தில் கை தாராளமானால் சாறு அமிலப் பக்கம் சாய்ந்துவிடும். அமிலத்தில் கொதிக்கும் சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடையும். பிஎச் ஒரு படி இறங்கினால் உடையும் வேகம் சுமார் பத்து மடங்கு ஏறும். உடைந்த சர்க்கரை தானும் படிகமாகாது, பக்கத்தில் இருப்பதையும் ஆக விடாது. ஆகவே 7.5 வந்ததும் நிறுத்து என்பது அந்தக் கூடத்தின் சட்டம். அந்த 7.5-ஐ அவர்களுக்குச் சொல்வது ஒரு கண்ணாடிக் குமிழ்.

இதைக் கேட்டு யாரும் வியக்க வேண்டியதில்லை. 1934-இல் அர்னால்ட் பெக்மன் பிஎச் மீட்டரை உருவாக்கியதே கலிஃபோர்னியாவின் எலுமிச்சைச் சாற்றில் புளிப்பு அளக்கத்தான். பழச்சாற்றுக்குப் பிறந்த கருவி பதநீருக்கு வருவது முறைதான்.

குறிப்பேடு

சோதனை பார்ப்பவர் உள்ளூர்ப் பெண், எல்லோருக்கும் அக்கா. அவருடைய குறிப்பேடு மிகச் சுத்தமாக இருந்தது. தேதி, எத்தனை குடம் பதநீர், பாஸ்பேட் கரைசல் எவ்வளவு, கடைசியில் பிஎச். அந்தக் கடைசிக் கட்டத்தில் பக்கம் பக்கமாக 7.5, 7.5, 7.4, 7.5. பாகு கட்டாமல் போன நாட்களிலும் அதே 7.5. பாஸ்பேட் அளவைப் பார்த்தால் கதை வேறு: பங்குனியில் தொடங்கிய அளவு வைகாசிக்குள் மெல்ல மெல்ல ஏறியிருந்தது. பதநீர் அதே பதநீர், சுண்ணாம்பு அதே சுண்ணாம்பு, 7.5-க்குக் கொண்டுவர மட்டும் கூடக் கூட பாஸ்பேட் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு அங்கேயே பாதி விளங்கிவிட்டது.

“தினமும் பஃபரில் சரி பார்க்கிறோமே?” என்றார் அக்கா. பஃபர் என்பது பிஎச் எண் முன்பே தெரிந்த கரைசல். பார்க்கிறார்கள். 7 பஃபரில் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டு வந்து பார்ப்பார்கள், 7.00 காட்டும். பிறகு 4 பஃபர், அதிலும் போட்டுவிட்டுப் போய் வருவார்கள், 4.01. மீட்டர் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சாற்றில் அளக்கும்போது அந்தப் பொறுமை இருக்காது. பாஸ்பேட் ஊற்று, கலக்கு, எலக்ட்ரோடை முக்கு, எண்ணைப் பார், இன்னும் கொஞ்சம் ஊற்று. ஒவ்வொரு முக்கும் சில நொடிதான்.

மில்லிவோல்ட்டில் பார்த்தபோது

பிஎச் மீட்டர் உண்மையில் ஒரு வோல்ட்மீட்டர். குமிழின் உள்ளே இருக்கும் கரைசலுக்கும் வெளியே இருக்கும் சாற்றுக்கும் இடையே உண்டாகும் மின்னழுத்தத்தை அளந்து, அதை பிஎச் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. 25 டிகிரியில் ஒரு பிஎச் படிக்கு 59.16 மில்லிவோல்ட், வெயில் காலத்தில் அந்தக் கூடம் இருந்த 33 டிகிரியில் 60.7. இந்த எண்ணைச் சரிவு என்கிறோம். பஃபரில் வைத்து மீட்டரைச் சரிசெய்யும் அளவுத்திருத்தம் முடிந்த பிறகு பிஎச் எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். எலக்ட்ரோடின் உடல்நிலை தெரிய வேண்டுமானால் மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

முதலில் மீட்டரைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தேன். எலக்ட்ரோடைக் கழற்றிவிட்டு, மீட்டரின் சாக்கெட்டில் நடு ஊசித் துளையையும் வெளி வளையத்தையும் ஒரு காகிதக் கிளிப்பால் இணைத்தால் திரையில் பூஜ்ய மில்லிவோல்ட் நிற்க வேண்டும். நின்றது. மீட்டரில் குறை இல்லை. ஒரு பைசா செலவில்லாத சோதனை இது. மீட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்கு முன் எல்லோரும் செய்யலாம்.

அடுத்து எலக்ட்ரோடு. 7 பஃபரில் மைனஸ் 18 மில்லிவோல்ட். பூஜ்யத்திலிருந்து 30 வரை விலகலாம் என்பது பொது வழக்கு. குறை சொல்ல முடியாது. அலசி, 4 பஃபரில் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிடத்தில் 97. ஒரு நிமிடத்தில் 118. அதன் பிறகும் ஏறிக்கொண்டே போய், நான்கு நிமிடம் கழிந்து 151-இல் நின்றது. இரண்டு பஃபருக்கும் இடையே வித்தியாசம் 169. சரிவு கணக்குப் போட்டால், இருக்க வேண்டியதில் 94 சதவீதம். காகிதத்தில் எழுதினால் தேர்ச்சி பெற்ற எலக்ட்ரோடு. ஆனால் நல்ல எலக்ட்ரோடு அரை நிமிடத்தில், மிஞ்சினால் ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டியதை இது நான்கு நிமிடம் கழித்துச் சொல்கிறது. அரை நிமிடத்தில் வழியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே வந்திருக்கிறது.

இனி இதைச் சாற்றில் வைத்துப் பார்க்கலாம். பிஎச் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரோடு பின்தங்கி, இறங்காத பழைய எண்ணைக் காட்டுகிறது. அக்கா அதை நம்பி இன்னும் ஊற்றுகிறார். திரை 7.5 காட்டும் நேரத்தில் சாறு அதைத் தாண்டி எங்கோ போய்விட்டிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு ஐயம் எழ வேண்டும். பாஸ்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்து வினை முடியவே நேரம் பிடிக்கும்; எண் மெல்ல இறங்குவது எலக்ட்ரோடின் சோம்பலா, வினையின் வேகமா? பிரித்துப் பார்க்க ஒரே வழிதான். அக்கா வழக்கம்போல் 7.5 வரை கொண்டுவந்த சாற்றை ஒரு பீக்கரில் எடுத்து, அவர்கள் எலக்ட்ரோடோடு நான் கொண்டுபோன எலக்ட்ரோடையும் வேறு மீட்டரில் மாட்டிச் சேர்த்து முக்கினேன். என்னுடையது அரை நிமிடத்தில் 6.3 காட்டி, பிறகு 6.1-க்கு நகர்ந்தது. கடைசியாக நகர்ந்த அந்தச் சிறு அளவுதான் வினையின் தாமதம். அவர்களுடையது 7.5-இல் தொடங்கி நின்று நிதானித்து இறங்கி, நாலைந்து நிமிடத்தில் 6.1 பக்கம் வந்து சேர்ந்தது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த உரிமையாளர், பனையேறிகளைப் பற்றிப் பேசுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஏன் மந்தமானது

குமிழை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், கண்ணாடியில் மெல்லிய வெண்மை. அலசினால் போகவில்லை, நனைந்திருக்கும்போது மறைகிறது, காய்ந்ததும் திரும்ப வருகிறது. குமிழுக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பீங்கான் புள்ளி உண்டு. உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசல் அந்த நுண்துளை வழியே துளித் துளியாக வெளியே கசிய வேண்டும். அப்போதுதான் மின்சுற்று முடியும். அந்தப் புள்ளி பழுப்பேறி, மேலே ஒரு பொருக்குக் கட்டியிருந்தது. பதநீரின் பசையும், காற்றுப் பட்டுச் சுண்ணாம்புக் கல்லாக மாறிய சுண்ணாம்பும், பாஸ்பேட் வீழ்படிவும் சேர்ந்த பொருக்கு.

வெளியிலிருந்து மட்டும் வந்த குறை இல்லை இது. எலக்ட்ரோடின் உள்கரைசல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. உள்மட்டம் சாற்றின் மட்டத்துக்குக் கீழே போனால் ஓட்டம் திசை மாறிவிடும்; உப்புக் கரைசல் வெளியே வருவதற்குப் பதிலாகச் சாறு உள்ளே போகும். நிரப்பும் துளையின் ரப்பர் மூடியை அளக்கும்போது திறக்க வேண்டும் என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது. வாங்கிய நாளிலிருந்து அது மூடியே இருக்கிறது. மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் இழுக்கும், கசிவு நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, இரவில் அது தூங்கிய இடம். ஒரு கண்ணாடி டம்ளரில், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. கேட்டேன். புதிதாக வந்தபோது மூடியைச் சுற்றி வெள்ளை உப்பு பூத்திருந்ததாம். அழுக்கு என்று நினைத்து நன்றாகக் கழுவி, அன்று முதல் சுத்தமான தண்ணீரில் வைக்கிறார்களாம். அந்த வெள்ளை பொட்டாசியம் குளோரைடு. எலக்ட்ரோடைக் காக்க அதன் மூடிக்குள் ஊற்றி அனுப்பிய கரைசல் கசிந்து காய்ந்தது. தண்ணீர் விட்டு அலசினால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

காய்ச்சி வடித்த தண்ணீர் பார்வைக்குப் புனிதம். எலக்ட்ரோடுக்கு அதுதான் விஷம். கண்ணாடிக் குமிழின் மேற்பரப்பில் தண்ணீர் ஊறிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டு. ஹைட்ரஜன் அயனிகளுக்குக் குமிழ் பதில் சொல்வது அந்தப் படலத்தால்தான். உப்பே இல்லாத தண்ணீர் அந்தப் படலத்திலிருந்து அயனிகளை உருவும். பீங்கான் வழியே உள்ளிருக்கும் பொட்டாசியம் குளோரைடையும் இழுத்துவிடும். இரவுக்கு இரவு இது நடந்தால், விலை கொடுத்து வாங்கிய எலக்ட்ரோடு ஒரே பருவத்தில் கிழடு தட்டிவிடும். உலர வைப்பதும் தவறுதான், ஆனால் உலர்ந்ததை மீட்பது எளிது. தண்ணீரில் கரைந்தது திரும்புவதில்லை.

அக்காவின் இன்னொரு பழக்கம், ஒவ்வொரு முறையும் குமிழைத் துண்டால் அழுத்தித் துடைப்பது. படலம் கீறும், தேய்ப்பில் நிலைமின்னூட்டம் ஏறி எண் சிறிது நேரம் அலையும். மென்தாளால் ஒற்றி எடுத்தால் போதும். சூடான சாற்றில் நேராக முக்குவதும் உண்டு. சூடும் காரமும் சேர்ந்தால் கண்ணாடி சீக்கிரம் மூப்படையும். வெப்பநிலைத் திருத்தம் இருக்கிறதே என்பார்கள். அது சரிவை மட்டும்தான் திருத்தும், கண்ணாடியின் ஆயுளைத் திருத்தாது.

மீட்டது

கழுவுவதற்கு ஒரு வரிசை உண்டு. பசை மேலே, சுண்ணாம்பு கீழே. ஆகவே பசையை முதலில் எடுக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளி விட்டு, எலக்ட்ரோடைக் கால் மணி நேரம் நிறுத்தி, மென்மையாக ஆட்டி அலசினேன். அதன் பிறகு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆய்வுக்கூடத் தரமான அடர் அமிலத்தில் சுமார் 8.5 மில்லி எடுத்து, தண்ணீரில் விட்டு ஒரு லிட்டராக்கினால் இது கிடைக்கும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. கழிப்பறை அமிலம் இதற்கு ஆகாது. அதில் வேறு மருந்துகள் கலந்திருக்கின்றன.

முக்கிய கொஞ்ச நேரத்தில் அந்தப் பீங்கான் புள்ளியிலிருந்து மிகச் சிறு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. உரிமையாளர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சுண்ணாம்புக் கல் கரையும் நுரை அது. பாஸ்பேட் நுரைக்காமல் சத்தமின்றிக் கரையும். அதனால் நுரை நின்ற பிறகும் கால் மணி நேரம் விட்டேன். வெளியே எடுத்தபோது பொருக்கு போய், புள்ளி வெளிறியிருந்தது. உள்ளே கிடந்த பழைய கரைசலை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டு, 3 மோலார் பொட்டாசியம் குளோரைடால் இரண்டு தடவை அலசி, புதிதாக நிரப்பி, இரவு முழுவதும் அதே கரைசலில் நிறுத்திவைத்தோம்.

மறுநாள் 7-இலிருந்து 4-க்கு மாற்றினால் அரை நிமிடத்துக்குச் சற்று மேலே நிலைத்தது. சரிவு 96. பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பேட்டரித் தண்ணீர் தின்றது தின்றதுதான். அந்தப் பருவத்தை ஓட்ட அது போதும்.

3 மோலார் கரைசலுக்குக் கணக்கு: 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 100 மில்லி ஆகும் வரை தண்ணீர். “உரக்கடையில் பொட்டாஷ் கிடைக்கிறதே, அது போதாதா?” என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி, பொருள் அதேதான். ஆனால் உரப் பொட்டாஷின் செந்நிறம் இரும்பிலிருந்து வருவது. கரையாத மண்ணும் அதில் உண்டு. இத்தனை பாடுபட்டுத் திறந்த பீங்கானை அது மறுபடி அடைக்கும். ஆய்வுக்கூடத் தரத்தில் ஒரு சிறு பாட்டில் பல பருவங்களுக்கு வரும்.

மேசை டிராயரில் கிடந்தவை

போன பருவங்களில் “செத்துப்போன” எலக்ட்ரோடுகள் மூன்று டிராயரில் கிடந்தன. தூக்கி எறிய மனம் வராமல் வைத்திருந்தார்கள். வந்தது வந்தோம் என்று அவற்றையும் பார்த்தேன்.

ஒன்று 7 பஃபரிலும் 4 பஃபரிலும் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. எதில் போட்டாலும் ஒரே எண் காட்டினால் குமிழில் விரிசல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். டார்ச் அடித்துப் பார்த்தபோது குமிழின் கழுத்தில் மயிரிழை போல் ஒரு கீறல். அதற்கு மருந்து இல்லை. இன்னொன்றில் எண் நிற்காமல் ஓடியது. குறை குமிழில் இல்லை, மீட்டரில் செருகும் இணைப்பியில்; உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. கண்ணாடிக் குமிழின் தடை நூற்றுக்கணக்கான மெகாஓம். இணைப்பியில் படிந்த கொஞ்சம் ஈர உப்பே மின்னோட்டத்துக்குக் குறுக்கு வழி திறந்துவிடும். கடலோரத்தில் இது சாதாரண நோய். ஸ்பிரிட்டால் துடைத்து உலர்த்தியதும் எண் நின்றது. சரிவு 88 மட்டுமே வந்ததால், கலயத்துப் பதநீரை மேலோட்டமாகப் பார்க்க வைத்துக்கொள்ளச் சொன்னேன். மூன்றாவதுதான் என்னை எரிச்சலாக்கியது. உள்ளே கரைசல் வற்றிக் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். நிரப்பி, இரவு ஊறவைத்து, காற்றுக் குமிழியை உதறி இறக்கியதும் சரிவு 97, பதில் உடனுக்குடன். ஒரு பிடி உப்புக் கரைசல் இல்லாததால் புதிது வாங்கியிருக்கிறார்கள். விற்றவர்களும் சொல்லவில்லை.

இப்போது நடப்பது

குறிப்பேட்டில் இரண்டு கட்டங்கள் கூடியிருக்கின்றன. ஒன்று, காலையில் 7 பஃபரிலும் 4 பஃபரிலும் மில்லிவோல்ட். இரண்டாவது, 4-இல் எண் நிலைக்கப் பிடித்த நேரம். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அன்று மாலையே சோப்பு, அமிலம், உப்புக் கரைசல். சரிவு 90-க்குக் கீழே இறங்கினால் அந்த எலக்ட்ரோடு ஓய்வு பெறும். சாற்றை ஆறவைத்து, கலக்கிக்கொண்டே, எண் நிலைத்த பிறகு குறிக்கிறார்கள். 8-ஐ நெருங்கும்போது பாஸ்பேட்டைத் துளித்துளியாக விடுகிறார் அக்கா.

பஃபரைப் பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றுவது நின்றது. காரப் பஃபர் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு தன் எண்ணிலிருந்து கீழே இறங்கும். திறந்த பாட்டிலை நாள்கணக்கில் நம்ப முடியாது. வெண்காரப் பஃபர் 25 டிகிரியில் 9.18 என்றால் 35-இல் 9.10, வெயில் காலத்தில் இதையும் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு புழங்கும் இடத்துக்கு ஒரு சலுகை உண்டு: தெவிட்டக் கரைந்த தெளிந்த சுண்ணாம்பு நீர் 25 டிகிரியில் 12.45 காட்ட வேண்டும், 35-இல் 12.13. சுண்ணாம்பு தரமானதாகவும் புதிதாகவும் இருந்தால், காரப் பக்கத்தில் எலக்ட்ரோடு எப்படி என்று தோராயமாகப் பார்த்துக்கொள்ளச் செலவில்லாத வழி. பஃபருக்கு அது மாற்றாகாது.

அடுத்து ஊற்றிய பாகில் நூலில் கற்கண்டு பிடித்தது. அதற்கு எலக்ட்ரோடு மட்டுமே காரணம் என்று நான் எழுத மாட்டேன். காய்ச்சும் பதத்திலும் அவர்கள் கவனம் கூட்டியிருந்தார்கள். பாஸ்பேட் செலவு பங்குனிக் கணக்குக்கு இறங்கியது மட்டும் நேராக எலக்ட்ரோடின் கணக்கு.

ஆடி முடிந்தால் கூடம் மூடும். மறுபடி பங்குனியில்தான் எலக்ட்ரோடுக்கு வேலை. மூடிவைக்கும்போது உள்கரைசலைத் துளை வரை நிரப்பி, துளையை அடைத்து, குமிழ் மூடிக்குள் பஞ்சில் 3 மோலார் கரைசலை நனைத்து, நிமிர்ந்த நிலையில் வைக்கச் சொன்னேன். மாதம் ஒருமுறை அக்கா மூடியைத் திறந்து பஞ்சு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். இணைப்பியை உலர்ந்த பாலிதீன் பையில் சுற்றிக் கட்டியாயிற்று. உதிரியாக ஒரு புதிய எலக்ட்ரோடை இப்போதே வாங்கி வைத்துவிடலாமா என்று உரிமையாளர் கேட்டார். பெட்டியில் சும்மா கிடந்தாலும் எலக்ட்ரோடுக்கு வயதாகும். மாசியில் வாங்கினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.